விரல் விடாத ஷட்டில்

இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஷட்டிலின் இறகைப் பிடித்திருந்தன. விட வேண்டியதுதான். விட்டதும் வலது கை ராக்கெட்டை மெல்ல முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இரட்டையர் ஆட்டத்தில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. பதினைந்து வருடமாக, பல் தேய்ப்பதைப் போல யோசனையே இல்லாமல் செய்துகொண்டிருந்த வேலை.

அன்றைக்கு விரல்கள் விடவில்லை.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நெட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் முழங்காலை மடக்கிக் காத்து நின்றார்கள். எனக்குப் பின்னால் என் ஜோடி நின்றிருந்தாள். அவள் என்னைவிட மூத்தவள். மட்டாஞ்சேரியில் மலையாளம் பேசும் மூத்த முஸ்லிம் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி நானும் அவளை இத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"எந்தா, உறங்கிட்டியா?" என்றாள் இத்தா.

விரல்கள் சட்டென்று விட்டன. அதே நொடியில் வலது மணிக்கட்டு ஒரு துள்ளு துள்ளியது. ஷட்டில் நெட்டின் அடியில் போய் இடித்து விழுந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. அதற்கு அடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தமிழ்க் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து எத்தனை தலைமுறை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. தோப்பும்படியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மாலை ஆனால் பேட்மின்டன் ஹால். இத்தாவுக்குச் சுள்ளிக்கலில் சுரிதார் தைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறது. கடையை அடைத்துவிட்டு ராக்கெட்டோடு நேராக வந்துவிடுவாள். இந்தப் பக்கத்தில் நாற்பது தாண்டிய பெண்களில் எங்களை ஜெயிக்க ஆள் குறைவு. அவள் பின்னாலிருந்து அடிப்பாள். நான் நெட்டுக்கு அருகில் நின்று காரியத்தை முடிப்பேன். என் சர்வீஸ் நெட்டின் மேல் நாடாவை உரசுகிற மாதிரிப் போகும் என்று ஹாலில் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சு ஒரே மாதத்தில் மாறியது. யார் யாரிடம் சொன்னார்களோ, எதிரே நிற்பவர்கள் என் சர்வீஸின்போது பாய்ந்து அடிக்கத் தயாராக முன்கோட்டுக்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கையில் பூச்சி ஏதோ புகுந்துகொண்டதைப் போல் இருந்தது எனக்கு.

உட்கார முடியவில்லை. பஸ்ஸில் கைப்பைக்கு அடியில் மணிக்கட்டு தானாக ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டுப் பெண்மணி ஒருநாள் "கை வேதனையாணோ?" என்று கேட்டாள். அலுவலகத்தில் பாலிஸி எடுக்க வந்தவர் தன் மாமனாரின் சர்க்கரை வியாதியை விவரித்துக்கொண்டிருக்கும்போது என் இடது விரல்கள் மேஜைக்கடியில் எதையோ பிடித்து விட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில், அடுப்பு முன்னால் தோசைத் திருப்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"என்னாக்கும் இது? தோசைக்கு சர்வீஸ் போடறயா?" என்றார் கணவர்.

அவர் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். எந்த இயந்திரம் நின்றாலும் முதலில் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. என்னை ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் மணிக்கட்டைத் தட்டினார், முறுக்கினார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். "சும்மா ஒரு சர்வீஸ் போட்டுக் காட்டுங்கள்" என்றார். எழுந்து நின்று, இல்லாத ஷட்டிலை இல்லாத ராக்கெட்டால் தள்ளினேன். வெண்ணெய் மாதிரிப் போயிற்று கை. அழுகையே வந்துவிட்டது எனக்கு. வீட்டில் அட்டகாசம் பண்ணிவிட்டு விருந்தாளி முன்னால் நல்ல பிள்ளையாக உட்காரும் குழந்தையைப் போல் இருந்தது அந்தக் கை.

"நரம்பெல்லாம் சரியா இருக்காம். அப்பறம் என்ன?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார் கணவர். அப்புறம் என்ன என்பதுதான் எனக்கும் தெரியவில்லை.

இத்தாவிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று. "நீ ஆலோசிக்காதே. ஆலோசிக்காமப் போடு." என்னோடு அவள் பேசுவது பாதி மலையாளம், பாதி என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட தமிழ். ஆலோசிக்கக் கூடாது என்று ஆலோசித்துக்கொண்டே சர்வீஸ் போட்டேன். ஷட்டில் நெட் வரைக்குமே போகவில்லை.

ஹாலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச்தான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். விளையாட்டுக்காரர்களுக்கு மனப்பயிற்சி கொடுப்பவளாம். கடவந்திராவில் இருக்கிறாளாம். நீச்சல்காரர்களும் துப்பாக்கி சுடுகிற பிள்ளைகளும் போகிறார்களாம். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாநிலத்துக்கு ஆடுகிற பிள்ளைகள் நடுவில், மாலையில் பொழுதுபோக்காக ஆடும் நடுவயதுக்காரி போய் என்ன சொல்வது? ஆனாலும் போனேன். சும்மா இருக்க முடியாததால் போனேன் என்பதுதான் சரி.

அவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. முன்பு நீச்சல் வீராங்கனையாக இருந்தவள். அகலமான தோள். எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரி என்பதால் அவளுடைய தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். மலையாளத்தில் ஆரம்பித்து, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டாள். அக்கா என்பதற்குச் சொன்ன 'சேச்சி' மட்டும் மாறவில்லை.

"எனக்கு பேட்மின்டன் தெரியாதுங்க சேச்சி. சர்வீஸ் எப்படிப் போடறதுன்னு நான் சொல்லித்தரப் போறதில்ல. கண்ணை மூடிக்குங்க. கோர்ட்டுல நிக்கறீங்க. ஒரு சர்வீஸ் போடுங்க."

மூடினேன். பச்சைத் தரை, வெள்ளைக் கோடு, எல்லாம் வந்தது. போட்டேன்.

"எங்க போச்சு?"

"நெட்ல."

"இன்னொண்ணு போடுங்க."

"நெட்ல."

"இன்னொண்ணு?"

கண்ணைத் திறந்துவிட்டேன். "என் மண்டைக்குள்ள இருக்கற நெட்கூட எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேங்கறது" என்றேன். சிரிப்பாகச் சொல்ல நினைத்தது, குரல் உடைந்து வந்தது. நெட் என் கற்பனை, ஷட்டில் என் கற்பனை, காற்றுகூட நானே நினைத்துக்கொள்வது. அங்கேயும் தாண்டவில்லை என்றால் வேறு எங்கே தாண்டும்?

அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சரிங்க. சர்வீஸே போட வேண்டாம். ஷட்டில் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயாச்சு. தரையில கெடக்குது. அதை மட்டும் பாருங்க. தெரியுதா?"

தெரிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. ஓர் இறகு ஒடிந்திருந்தது.

"இப்ப அதைத் தரையிலிருந்து ஒரு முழம் மேல தூக்குங்க. அங்கிருந்து விழட்டும். விழுந்துச்சா? இன்னும் கொஞ்சம் மேல."

இப்படியே ஷட்டிலைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்தோம். தரையிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நெட்டின் மேல் நாடாவுக்கு. நாடாவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் கீழே விழுந்துவிட்டது. "இன்னைக்கு இது போதும். வீட்டுல தினம் காலையிலும் சாயந்திரமும் கொஞ்ச நேரம் பண்ணுங்க. கொஞ்ச நேரந்தான்" என்றாள்.

கொஞ்ச நேரம் என்பது என்னிடம் நிற்கவில்லை. பஸ்ஸில் ஷட்டிலைத் தூக்கினேன், லிஃப்டில் தூக்கினேன், கணவர் பேசிக்கொண்டிருக்கும்போது தூக்கினேன். குழம்பு அடிப்பிடித்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு மறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

"மனசுக்குப் பயிற்சின்னு சொல்லிண்டு போறே. ஆனா ஆத்துல உன் மனசையே காணுமே" என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் உறைத்தது.

அடுத்த முறை கடவந்திராவில் இதைச் சொன்னேன். அவள் நெற்றியைத் தேய்த்தாள். "மருந்துன்னா கூடுதலாக் குடிச்சா சீக்கிரம் சரியாயிரும்னு நெனைக்கறீங்க. சரி, அதை விடுங்க. சர்வீஸ் போடறதுக்கு முந்தி உங்களுக்குள்ள என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடாது. வெறுமையாத்தான் இருக்கும்."

"ஒண்ணுமே ஓடாத மனசு சாமிக்குத்தாங்க இருக்கும். அடுத்த தடவை கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுட்டு வாங்க. என்ன வார்த்தை, என்ன பாஷை, யாரு குரல்."

பாஷை? நாள் முழுக்க மலையாளத்தில் பேசுகிறேன். வீட்டில் எங்கள் தமிழ். கோர்ட்டில் எண்ணுவதும் கத்துவதும் இங்கிலீஷ். உள்ளே பேசுவது எதில் என்று நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் ஹாலில் ஷட்டிலைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. விரல்கள் இறுகின. அப்போது கேட்டது. மிகச் சின்னக் குரல், என் குரல்தான், தமிழில்.

'இதோ போச்சு.'

பால் பொங்கி வழியும்போது, பஸ் கிளம்பிவிடும்போது, கரண்ட் போகும்போது வாயில் வருவது. போகப்போகிறது என்பதல்ல, போய்விட்டது என்பதும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு. ஷட்டில் இன்னும் என் விரலில் இருந்தது. ஆனால் உள்ளே அது போயாகிவிட்டது. எத்தனை நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ!

அதை நிறுத்துவது எப்படி என்று கேட்டுக்கொண்டு கடவந்திராவுக்கு ஓடினேன்.

"நிறுத்தாதீங்க சேச்சி. நிறுத்தச் சொன்னா இன்னும் சத்தமாக் கத்தும். சொல்லிட்டுப் போகட்டும். அது சொல்லி முடிச்சதும் மூச்சை நீளமா வெளிய விடுங்க. மூச்சு பாதி போனதும் விரலை விடுங்க. அது பேசினா பேசட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க."

இதைக் கேட்கச் சுலபமாக இருந்தது. பல வாரம் மூச்சும் விரலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை. சில நாள் பத்தில் பாதி தாண்டியது. மறுநாள் ஒன்றுகூட இல்லை. தாண்டிய நாளில் நாளைக்குத் தாண்டுமா என்ற பதைப்பு. தாண்டாத நாளில் நேற்று எப்படித் தாண்டியது என்ற பதைப்பு.

அந்தச் சமயத்தில்தான் இத்தா சொன்னாள். ஆட்டம் முடிந்து ஹாலுக்கு எதிரே உள்ள கடையில் உப்புப் போட்ட லைம் சோடா குடித்துக்கொண்டிருந்தோம்.

"எடீ, நான் நேரே சொல்லிடறேன். ஜில்லாப் போட்டிக்கு வேற ஒருத்தியோட பேர் கொடுத்துட்டேன்."

"சரி இத்தா."

"தேஷ்யம் இருக்கா? கோபமா?"

"இல்லையே."

"இருக்கு. உன் மூக்கு சுவந்துபோச்சு." க்ளாஸைக் கீழே வைத்தாள். "எனக்கு நாற்பத்தாறு ஆச்சு மோளே. இந்த முட்டு இனி எத்தனை வருஷம் தாங்கும்னு அறியாது. உனக்கு வேண்டி நான் காத்திருந்தா ரெண்டு பேரும் வெளிய நிப்போம்."

நியாயமான பேச்சு. அவள் முட்டுக்கு உறை போட்டுக்கொண்டுதான் ஆடுகிறாள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில், நான் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

இதைக் கேட்ட மனப்பயிற்சிக்காரி, "ஞாயித்துக்கெழமை நான் உங்க ஹாலுக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். ஹாலில் அப்போது இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாள். பஜாரில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரிப் பெண்கள், அடுத்த கோர்ட்டில் புது ஜோடியோடு பழகிக்கொண்டிருந்த இத்தா. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கோர்ட்டைச் சுற்றிப் போடச் சொன்னாள்.

"இவங்க சர்வீஸ் போடுவாங்க. யாரும் கைதட்டக் கூடாது. 'சாரமில்ல'ன்னு ஆறுதலும் சொல்லக் கூடாது. சும்மா பாக்கணும்."

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. என் கைநடுக்கம் இத்தனை நாள் ஒரு ரகசியம் மாதிரி, அல்லது ரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இப்போது அதற்கு டிக்கெட் இல்லாத ஆட்களை உட்கார வைத்துவிட்டாள்.

முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. இரண்டாவது, என் காலடியிலேயே விழுந்தது. முகம் கொதித்தது. பெட்டியிலிருந்து அடுத்த ஷட்டிலை எடுத்தேன். நெட். அடுத்தது. நெட். ஒன்று தாண்டியது, அதற்கும் கைதட்டல் கிடையாது. பெட்டி காலியாயிற்று. நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பித்தேன்.

எப்போது என்று தெரியவில்லை, நிமிர்ந்து பார்த்தேன். ஆசிரியர் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். கல்லூரிப் பெண்கள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்த வியாபாரிக்கு போன் வந்தது. "லோடு எறங்கியோ? எத்தற சாக்கு?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நான் ராக்கெட்டோடு அப்படியே நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உயிரை விட்டேனே, என் அவமானம் இவர்களுக்கு அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை! சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, உண்மையைச் சொன்னால். இவ்வளவு கஷ்டப்பட்டு நடுங்குகிறேன், ஒழுங்காகப் பார்த்தால் என்ன?

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே குரலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மூச்சை விட்டேன், விரலை விட்டேன், ஷட்டில் போயிற்று. எங்கே போயிற்று என்று பார்க்காமல் அடுத்ததை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள் இத்தா ஒருத்திதான் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் ஷட்டில் பொறுக்க அவளும் வந்து குனிந்தாள், முட்டைப் பிடித்துக்கொண்டு.

"அந்தக் குட்டி எந்தினா உன்னை இப்படி நாற்காலி போட்டுக் கொல்றா?" என்றாள்.

"தெரியலை இத்தா."

"கடைசியில போட்டது கொள்ளாம்." நன்றாயிருந்தது என்று அர்த்தம். பொறுக்கியதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் கோர்ட்டுக்குப் போனாள்.

ஜில்லாப் போட்டியில் இத்தாவும் புது ஜோடியும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள். சந்தோஷப்படக் கூடாது என்று நினைத்தேன். கொஞ்சம் பட்டேன். அடுத்த வாரம் அவள் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினாள்.

"திருப்பூணித்துறையில ஒரு டூர்னமென்ட் இருக்கு. பேர் கொடுக்கட்டே?"

"என் சர்வீஸ் இன்னும் சரியாகலை."

"அது எனக்குத் தெரியும். நான் அதையா கேட்டேன்? பேர் கொடுக்கட்டேன்னு கேட்டேன்."

"கொடுங்கோ."

திருப்பூணித்துறையில் முதல் ஆட்டத்தை இத்தாவின் அடியால் ஜெயித்தோம். என் சர்வீஸில் பல நெட்டில் போயின, போகாதவையும் இருந்தன. இரண்டாவது ஆட்டத்தில் எதிரே ஓர் உயரமான பெண்மணி. என் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சர்வீஸுக்கு வந்தபோதெல்லாம் முன்கோட்டை ஒட்டிக்கொண்டு, ராக்கெட்டை நெட்டை நோக்கி நீட்டிக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றாள். மூன்றாவது செட் வரை இழுத்துக்கொண்டு போனோம். அவர்களுக்கு ஒரு புள்ளி போதும். சர்வீஸ் என்னிடம்.

கால் கட்டைவிரல்கள் ஷூவுக்குள் சுருண்டன. உள்ளே குரல் தன் வேலையைச் செய்தது. சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். மூச்சு வெளியே போனது. விரல்கள் விட்டன.

ஷட்டில் நாடாவை உரசுகிற மாதிரிப் போயிற்று. என் வாழ்க்கையில் போட்ட நல்ல சர்வீஸ்களில் ஒன்று. அந்தப் பெண்மணி ஒரே எட்டில் வந்து, அதை என் வயிற்றுக்கே திருப்பி அடித்தாள். தொடக்கூட முடியவில்லை. ஆட்டம் முடிந்தது.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கை கொடுக்க வந்த பெண்மணி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஒரு வருடமாக நான் தோற்ற புள்ளிகளெல்லாம் நானே என்னிடம் தோற்றவை. இதை மட்டும் இன்னொருத்தி, தன் திறமையால், என்னிடமிருந்து எடுத்தாள். அதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில நாள் விரல்கள் விடுவதில்லை. அந்த நாள்களில் பஸ்ஸில் பழையபடி மணிக்கட்டு ஆடும். கடவந்திராவுக்கு இன்னும் போகிறேன், எப்போதாவது.

அன்று திரும்பும்போது இத்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், இரண்டு ராக்கெட் பையையும் மடியில் வைத்துக்கொண்டு. குண்டன்னூரில் வண்டிகள் அசையவில்லை. இத்தா ஹெல்மெட்டைத் திருப்பினாள்.

"ரெண்டாவது செட்ல நீ எந்தினா நடுவுல வந்தே? அது என் ஷட்டில்."

"உங்களுக்கு எட்டாதுன்னு நெனச்சேன்."

"எட்டாதா? எனக்கா? நீ எப்பவும் இப்படித்தான். நெட்டுல நில்லுன்னா நிக்க மாட்டே. பின்னால ஓடி வருவே, ராக்கெட்டை என் மூக்குல இடிப்பே. எத்தனை வருஷமா சொல்றேன்!"

ஒரு வருடமாக அவள் என்னைத் திட்டியதே இல்லை. நோயாளியிடம் பேசுவதைப் போலத்தான் பேசினாள். எனக்கு ரோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க மட்டும் என்னவாம்? முதல் செட்ல வெளில போற ஷட்டிலை எடுத்தேளே, மூணு தரம்! நான் 'விடுங்கோ விடுங்கோ'ன்னு கத்தறேன்."

"நீ கத்தவே இல்ல."

"கத்தினேன்."

"இல்ல. வாய்க்குள்ள என்னவோ முணங்கினே."

முன்னால் வண்டிகள் நகர்ந்துவிட்டிருந்தன. பின்னாலிருந்து ஓர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். இத்தா அவரையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். பாலம் ஏறும்போது காற்றில் அவள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் நான் நெட்டை விட்டுப் பின்னால் ஓடி வருவதைப் பற்றித்தான் என்று தெரிந்தது. முன்னால் சாய்ந்து, அவள் காதுக்கு அருகே, இன்னும் சத்தமாகப் பதில் சொன்னேன்.